அணங்கு பிறந்த கதை

மனிதன் எதற்கெல்லாம் அஞ்சுவான் என்று கேட்டால் இன்றைக்குப் பட்டியல் நீளும். தொல்காப்பியர் நான்கோடு நிறுத்திக்கொண்டார். மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டைச் சொல்லி, ஒவ்வொன்றும் நான்கு வழியாகப் பிறக்கும் என்கிறார். அச்சம் பிறக்கும் நான்கு வழிகள்: அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் அரசன். புலிக்கும் திருடனுக்கும் ஆட்சியில் இருப்பவருக்கும் அஞ்சுவது ஏன் என்பதற்கு உரை வேண்டியதில்லை. அந்த மூன்றுக்கும் முன்னால் நிற்கிறதே, அதற்குத்தான் உரை வேண்டியிருக்கிறது.

உரை எழுதிய பேராசிரியர், பேய், பூதம், பாம்பு என்று தொடங்குகிறார். பதினெண் கணங்களைச் சொல்கிறார். நரக உலகத்தாரைச் சொல்கிறார். கடைசியில் இடியோசையில் வந்து முடிக்கிறார். பேய்க்கும் இடிக்கும் என்ன உறவு? ஒன்றுக்கு உருவம் உண்டென்று கதை சொல்வார்கள், மற்றொன்று வெறும் ஓசை. இரண்டையும் ஒரே சொல்லில் அடக்க முடிகிறதென்றால், அந்தச் சொல் ஓர் ஆளின் பெயராக இருந்திருக்க முடியாது. ஏதோ ஒரு செயலின் பெயராகத்தான் இருந்திருக்க வேண்டும். அணங்கின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

இன்று அணங்கு என்றால் அழகிய பெண், தெய்வப்பெண். மேடைத் தமிழும் பழைய திரைப்பட வசனங்களும் நமக்குக் கொடுத்த பொருள் அது. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய பாட்டுகளில் அது மயிர்க்கூச்செறிய வைக்கும் சொல். இந்தத் தூரத்தை அது எப்படிக் கடந்தது?

முதலில் அது ஒரு வினை

நமக்குப் பெயர்ச்சொல்லாகவே பழகிவிட்ட அணங்கு, சங்கப் பாட்டுகளில் வினையாகவும் நடமாடுகிறது. அணங்குதல் என்றால் வருந்துதல், வருத்துதலும் அதுவே. அணங்கிய, அணங்குறு, அணங்குற்ற என்று பல வடிவங்களில் வரும். திருக்குறளின் காமத்துப்பாலைத் திறந்தால் முதல் அதிகாரத்தின் தலைப்பே தகையணங்குறுத்தல். தகை என்பது அழகு; அது அணங்கை உறச் செய்கிறது, அதாவது ஒருவனைத் துன்புறுத்துகிறது. அந்தத் தலைப்பில் அழகின் பெயர் தகைதான். அணங்கு என்பது அந்த அழகு செய்யும் வேலை.

சாதாரண வருத்தத்துக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. இந்தச் சொல் வரும் இடங்களைப் பார்த்தால், பெரும்பாலும் காரணம் கண்ணுக்குத் தெரியாததாகவோ, தெரிந்தாலும் தடுக்க முடியாததாகவோ இருக்கிறது. எதுவோ ஒன்று வந்து பற்றுகிறது. உடல் நடுங்குகிறது, நிறம் மாறுகிறது, சோறு இறங்குவதில்லை. நம் ஊர்ப்பேச்சில் காத்துக் கருப்பு அண்டிடுச்சு, முனி அடிச்சிருச்சு, சாமி ஏறிருச்சு என்கிறோம். அங்கேயும் அண்டுவதும் அடிப்பதும் ஏறுவதும்தான் நமக்குத் தெரிந்தவை. அண்டியது எப்படி இருக்கும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். அணங்கும் அப்படித்தான். விளைவு தெரியும், முகம் தெரியாது.

இத்தகைய சொற்கள் அந்தக் காலத்தில் ஒரு குடும்பமாகவே இருந்தன. பேம், நாம், உரும் ஆகிய மூன்றும் அச்சத்தைக் குறிக்கும் என்று தொல்காப்பியத்தின் உரியியல் சொல்கிறது. உரு, உட்கு, சூர் என்பனவும் உண்டு. இவற்றில் சூர் அணங்குக்கு மிக நெருங்கிய உறவு. குறுந்தொகையின் 105ஆம் பாட்டில் நக்கீரர் ஒரு காட்சி வைத்திருக்கிறார். குறவன் புனத்தில் விளைந்த முதல் தினைக்கதிரைத் தெய்வத்துக்கு என்று படைத்திருக்கிறார்கள். ஒரு மயில் அது தெரியாமல் வந்து கொத்தித் தின்றுவிடுகிறது. தின்ற மயில், தெய்வம் ஏறி ஆடும் பெண்ணைப் போல வெதும்பி நடுங்குகிறது. அந்த மலைக்கு நக்கீரர் தரும் அடைமொழி சூர். மயிலை யாரும் விரட்டவில்லை, தண்டிக்கவில்லை. தொடக்கூடாததைத் தொட்டதே போதும்.

இடத்தில் குடியிருந்த அச்சம்

வினையாக இருந்தது மெல்ல இடத்தில் போய்த் தங்கியது. மலை அணங்கு உடையது, கடல் அணங்கு உடையது, பாம்பின் தலை அணங்கு உடையது என்றெல்லாம் புலவர்கள் பாடினார்கள். ‘அணங்குடை’ என்பது சங்கப் பாட்டில் கிட்டத்தட்ட ஒரு நிலையான அடைமொழி. அங்கே எச்சரிக்கை தேவை என்பதற்கு நட்டுவைத்த பலகை அது.

அகநானூற்றின் 207ஆம் பாட்டில் அணங்கு உடைய கடல்நீர் உப்பளத்தின் பாத்திகளில் பரவி, காய்ந்து, வெண்மையான அமிழ்தமாகிறது. உப்பைத்தான் அமிழ்தம் என்கிறார் புலவர். ஆளை விழுங்கும் அதே நீர்தான் சோற்றுக்குச் சுவை தருகிறது. கடலோடு வாழ்கிறவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. அஞ்ச வேண்டியதும் வணங்க வேண்டியதும் அவர்களுக்கு ஒன்றாகவே இருந்தன.

புறநானூற்றின் 299ஆம் பாட்டு வேறு பக்கத்திலிருந்து இதைக் காட்டுகிறது. பாடியவர் பொன்முடியார். பருத்தியை வேலியாகக் கொண்ட சிற்றூரின் தலைவன் குதிரை, உளுந்தின் சக்கையைத் தின்று வளர்ந்தது. அது படையைப் பிளந்துகொண்டு பாய்கிறது. நெய்ச்சோறு தின்று, மாலை போட்டு வளர்ந்த பெருவேந்தனின் குதிரைகளோ ஒதுங்கி நிற்கின்றன. எப்படி ஒதுங்கி நிற்கின்றன? அணங்கு உடைய முருகன் கோட்டத்தில், மாதவிலக்கால் கலம் தொடாத நாளில் உள்ள பெண்கள் ஒதுங்கி நிற்பதுபோல. போர்க்களத்தில் குதிரை மிரள்வதைச் சொல்ல வந்த புலவருக்கு, கோயில் வாசலில் நிற்கும் தயக்கம்தான் உவமையாகக் கிடைத்தது. அந்தத் தயக்கத்துக்குக் காரணம் கோட்டத்துக்குள் இருக்கும் அணங்கு.

கவனிக்க வேண்டியது, இங்கே அணங்கு முருகனுடையது, ஆண் தெய்வத்தின் சொத்து. கடலுக்கும் பாம்புக்கும் மலைக்கும் முருகனுக்கும் பொதுவான ஒன்றை அப்போது யாரும் பெண்ணென்று எண்ணியிருக்க முடியாது.

ஒரு சொல், மூன்று வாய்

அணங்கு தன் முழு வேலையைக் காட்டுவது குறிஞ்சித் திணையில், முருகனை வரவழைக்கும் வெறியாட்டுச் சடங்கு நடக்கும் வீட்டில்.

ஒரு பெண் மெலிகிறாள். வளை கழல்கிறது, மேனியில் பசலை படர்கிறது. அவள் யாருக்கும் தெரியாமல் ஒருவனைக் காதலிக்கிறாள், அவன் வரவில்லை, அதனால் வந்த வாட்டம் என்று தோழிக்குத் தெரியும். தாய்க்குத் தெரியாது. தாய் குறி சொல்லும் கட்டுவிச்சியை அழைத்துக் கட்டுப் பார்க்கிறாள்; முருகனின் பூசாரியான வேலனை அழைத்துக் கழங்கு உருட்டிக் குறி கேட்கிறாள். முருகு அணங்கியது என்று விடை வருகிறது. உடனே வீட்டில் வெறியாட்டுக்கு ஏற்பாடு நடக்கிறது.

இந்தக் காட்சியைப் பாடியே பெயர் பெற்ற புலவர் ஒருவர் உண்டு, வெறிபாடிய காமக்கண்ணியார். அவருடைய அகநானூற்று 22ஆம் பாட்டில் வெறிக்களம் முழுவதும் கண்முன் வருகிறது. களம் இழைத்து, வேலுக்குக் கண்ணி சூட்டி, வீடு அதிரப் பாடி, பலி கொடுத்து, செந்தினையைக் குருதியில் கலந்து தூவி, நடு இரவில் முருகனை வரவழைக்கிறார்கள். அதே நடு இரவில், அதே வீட்டுக்கு, காவலர் கண்ணில் படாமல் காதலனும் வந்து சேர்கிறான். இரை தேடும் புலிபோலப் பதுங்கி வருகிறான். அவனைத் தழுவி நோய் தீர்ந்த தலைவி, வேலன்தான் குணப்படுத்தினான் என்று எல்லோரும் நம்பப்போவதை நினைத்துத் தனக்குள் சிரிக்கிறாள்.

இந்தப் பாட்டில் அணங்கு இரண்டு முறை வருகிறது. ஒருமுறை மலைக்கு அடைமொழியாக. இன்னொருமுறை வினையாக: அவளை அணங்கியது எது என்று சொல்லுமிடத்தில். மணம் கமழும் அவனுடைய அகன்ற மார்பு! வருத்தியது ஓர் ஆணின் மார்பு, வருந்தியவள் பெண். அணங்கு என்றால் தெய்வப்பெண் என்று மனப்பாடம் செய்தவர்கள் இந்த இடத்தில் சற்று நின்றாக வேண்டும்.

நற்றிணையின் 34ஆம் பாட்டில் தோழி இன்னும் ஒரு படி மேலே போகிறாள். வெறிக்களத்துக்கு வந்திருக்கும் முருகனையே நேருக்கு நேர் கேட்கிறாள். இவளுடைய நோய் உன் அணங்கினால் வந்ததன்று. மலைநாடன் ஒருவனுடைய மார்பினால் வந்தது. அது உனக்குத் தெரியும். தெரிந்தும், வேலன் கூப்பிட்டான் என்று கடம்ப மாலையைப் போட்டுக்கொண்டு தலை நிமிர்ந்து வந்து நிற்கிறாயே, நீ கடவுளாகவே இருந்துவிட்டுப் போ, ஆனால் அறியாமை உடையவன்தான் என்கிறாள். கோபமும் கேலியும் கலந்த இந்தத் துணிச்சலை இன்றைக்கு எழுத யோசிப்பார்கள்.

குறுந்தொகையின் 362ஆம் பாட்டில் கேலி வேலன் பக்கம் திரும்புகிறது. பல நிறச் சோற்றோடு ஆட்டுக்குட்டியையும் பலியிடப் போகிறாயே, சரி. இவளை வருத்தியது மலைநாட்டுத் தலைவனின் மார்பாயிற்றே, மாலை அணிந்த அந்த மார்பும் உன் பலியை உண்ணுமா என்று தோழி கேட்கிறாள்.

தாயின் வாயில் அணங்கு முருகனுடையது. தோழியின் வாயில் அது காதலன் மார்பினுடையது. மூன்றாவது வாய் காதலனுடையது. ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியில், 363ஆம் பாட்டில், எயினர் வீட்டுப் பெண்ணொருத்தியிடம் அவன் பேசுகிறான். உன் மார்பில் படர்ந்திருப்பதை நீ சுணங்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அணங்குற்ற என் நெஞ்சோ அதை அணங்கு என்றே நினைக்கிறது என்கிறான். சுணங்கு என்பது தேமல், அவ்வளவுதான். அவள் கண்ணாடியில் தேமலைப் பார்க்கிறாள், அவன் அதே இடத்தில் தன்னைக் கொல்ல வந்ததைப் பார்க்கிறான்.

ஆணும் பெண்ணும் கடவுளும் மாறி மாறி ஒருவரையொருவர் அணங்க முடிந்த காலம் அது. அகப்பாடல்களின் நாடகமே இந்த ஒரு சொல்லைச் சுற்றி நடக்கிறது. வீட்டார் ஒரு பொருளில் சொல்வார்கள். தோழி வேறு பொருளில் கேட்பாள். படிக்கிற நாம் இரண்டையும் அறிந்து ரசிப்போம்.

உருவம் எடுத்த இரவு

பத்துப்பாட்டில் மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, மதுரை நகரத்தின் ஒரு நாளை யாமம் யாமமாகச் சொல்லும். கடைகள் அடைத்து, ஊர் உறங்கி, காவலரும் கள்வரும் மட்டும் விழித்திருக்கும் மூன்றாம் யாமத்தில், பேயும் அணங்கும் உருவம் எடுத்துக்கொண்டு கழுது என்னும் இன்னொரு பேயினத்தோடு தெருக்களில் சுழல்கின்றன. பேயையும் அணங்கையும் தனித்தனியாகச் சொல்வதால் இரண்டும் வேறு என்று தெரிகிறது. அதைவிட முக்கியமானது, அவை உருவம் எடுத்துக்கொள்கின்றன என்பது. இயல்பில் உருவம் உள்ளது எதற்கு உருவம் எடுக்க வேண்டும்? மருதனார் போகிற போக்கில் சொன்னதிலிருந்து, அணங்கின் இயல்பான நிலை உருவமற்றது என்று ஊகிக்க முடிகிறது.

உருவம் எடுத்தபின் எந்த உருவம் என்ற கேள்வி வரும். அதற்கு மலைகளில் ஏற்கெனவே விடைகள் தயாராக இருந்தன. மலையிலும் சுனையிலும் ஆடும் சூர்மகளிர், வரையரமகளிர் என்னும் தெய்வப்பெண்கள் பற்றிப் பாட்டுகள் பேசின. கொல்லிமலையில் பூதம் அமைத்த பாவை ஒன்று இருப்பதாகவும், அழகால் ஆளைக் கவர்ந்து உயிரை வாங்கும் என்றும் நம்பினார்கள். நற்றிணையும் குறுந்தொகையும் பெண்ணின் அழகுக்கு அந்தக் கொல்லிப்பாவையை உவமையாக்கின. இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ள அதே மலையில் எட்டுக்கை அம்மன் கோயிலைக் கொல்லிப்பாவையோடு சேர்த்துச் சொல்கிறார்கள். அச்சம், அழகு, மலை, பெண் என்ற நான்கும் அப்போதே ஓரிடத்தில் கூடிவிட்டன.

தனியிடத்தில் ஒரு பெண்ணைப் பார்த்தால் இவள் மனிதப் பெண்ணா, தெய்வமா என்று ஓர் ஆண் ஐயுறுவது இயல்பு என்று தொல்காப்பியம் களவியலில் விதியே வகுத்தது. ஐயம் தீர அடையாளங்களும் தந்தது: வண்டு, அணிகலன், உடலில் எழுதிய வள்ளிக்கோலம், பூ, கண், தடுமாற்றம், இமைப்பு, அச்சம். மனிதப் பெண் சூடிய பூவில் வண்டு மொய்க்கும். நகை கையால் செய்ததாக இருக்கும். பூ வாடும். கண் இமைக்கும். கடைசி அடையாளம் அச்சம்: ஆண்மகனைக் கண்டதும் அவள் அஞ்சுவாள். மற்றவரை அஞ்சவைப்பது அணங்கு. தானே அஞ்சினால் மனுஷி. இதைவிடக் கூர்மையான சோதனையை எந்தப் பேய்க்கதையும் சொல்லவில்லை.

வள்ளுவர் அந்த ஐயத்தையே 1081ஆம் குறளாக்கினார். கனத்த குழை அணிந்த இவள் அணங்கா, ஏதோவொரு மயிலா, பெண்தானா என்று நெஞ்சு மயங்குகிறது. அடுத்த குறளில் அவள் திரும்பிப் பார்க்கிறாள். தனியாகவே தாக்கிக் கொல்லக்கூடிய அணங்கு ஒரு படையையும் கூட்டிக்கொண்டு வந்ததுபோல இருக்கிறது அவனுக்கு. அதற்கடுத்த குறளில் கூற்றுவன் என்றால் என்னவென்று இப்போதுதான் தெரிந்தது என்கிறான். மூன்று குறளையும் சேர்த்துப் படித்தால், அணங்கு என்பதில் கொல்லும் தன்மை இன்னும் மங்கவில்லை என்பது விளங்கும். பொருட்பாலில், 918ஆம் குறளில், வஞ்சக மகளிரின் தழுவல் ஆராயும் அறிவில்லாதவர்க்கு அணங்கு என்று அவரே எச்சரிக்கிறார். காமத்தின் வழியாக உயிரை வாங்கும் தெய்வப்பெண்ணின் தாக்குதல் என்ற பொருளில் பரிமேலழகர் அதை விளக்கினார்.

ஆக, வள்ளுவரிடம் ஒரு திருப்பம் நடந்துவிட்டது. மார்பு, மலை, கடல், முருகன் என்று பரவிக் கிடந்த சொல் பெண்ணின் பக்கம் சாய்ந்துவிட்டது. தோழியின் வாயில் ஆணின் மார்பைக் குற்றம்சாட்டிய சொல்லை இனி ஆண்தான் பெரும்பாலும் பேசப்போகிறான்.

கோபுரத்துக்குள் போன அணங்கு

சிலப்பதிகாரத்தில் வழக்குரைக்க வந்த கண்ணகியைக் கண்டு வாயில் காவலன் நடுங்குகிறான். பாண்டியனிடம் ஓடிப்போய், வந்திருப்பவள் யார் அல்லள் என்று அடுக்குகிறான். கொற்றவை அல்லள், கன்னியர் எழுவரில் இளைய பிடாரி அல்லள், இறைவனை ஆடச் செய்து கண்ட அணங்கு அல்லள், காட்டை விரும்பிய காளி அல்லள், தாருகனின் மார்பைக் கிழித்தவளும் அல்லள். அந்தப் பட்டியலில் அணங்கு, காளியின் ஒரு வடிவத்துக்குப் பெயர். தனக்கென்று ஒரு புராணமும் கோயிலும் உள்ள தெய்வமாகிவிட்டது. அடுத்து நடந்தது எல்லோருக்கும் தெரியும். கண்ணகி தன் இடமார்பைத் திருகி எறிந்தாள், மதுரை எரிந்தது.

கோயிலுக்குள் போன அச்சம் மெல்லப் பணிவாக மாறும். தேவாரம் பாடியவர்கள் உமையை அணங்கு என்றார்கள். இறைவனின் பாதியான அந்த அணங்கிடம் நடுங்க எதுவுமில்லை. கம்பனிடம் வரும்போது அணங்கு என்பது பெண்ணைக் குறிக்கும் எத்தனையோ சொற்களில் ஒன்று. எதுகைக்கும் ஓசைக்கும் ஏற்றபடி வந்து போகும். 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழகராதியில் வருத்தம், நோய், அச்சம், கொலை, அழகு, தெய்வம், பெண் என்று எதிரெதிரான பொருள்கள் ஒரே சொல்லின் கீழ் வரிசையாக நிற்கின்றன. தெரியாதவர்களுக்கு அது குழப்பம். கதை தெரிந்தவர்களுக்கு அது ஒரு சொல் நடந்து வந்த பாதை.

1891: ஏட்டில் உறங்கியது அறியாமல்

திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் மனோன்மணீயம் நாடகத்தை வெளியிட்டார். அதன் தொடக்கத்தில் உள்ள வாழ்த்தில் தமிழைத் ‘தமிழணங்கு’ என்று விளித்தார். அந்த வாழ்த்தின் ஒரு பகுதியைத்தான் தமிழ்நாடு அரசு 1970இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது, எம். எஸ். விஸ்வநாதன் இசை அமைத்தார். 2021 டிசம்பரில் அது மாநிலப் பாடலாகவும் அறிவிக்கப்பட்டது. ஊர்ப்பேச்சில் மறைந்தே போன ஒரு சொல்லை, பள்ளிப்பிள்ளை முதல் ஆளுநர் வரை எழுந்து நின்று கேட்கும்படி வைத்தது அந்த ஒரு விளிதான்.

1891ஆம் ஆண்டைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்து இரண்டே ஆண்டுதான் ஆகியிருந்தது. சிலப்பதிகாரம் 1892இலும் புறநானூறு 1894இலும் ஐங்குறுநூறு 1903இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன. பின்னத்தூர் நாராயணசாமி ஐயரின் நற்றிணைப் பதிப்பு 1915இல்தான் வந்தது. முருகனை முகத்துக்கு நேரே கேட்ட தோழியும், சுணங்கா அணங்கா என்று மயங்கிய காதலனும் அப்போது பனையோலையில் உறங்கிக்கொண்டிருந்தார்கள். சுந்தரம் பிள்ளையின் காலத்துப் புலவர் உலகில் அணங்கு என்றால் வணங்கத்தக்க பெண் தெய்வம். அந்தப் பொருளில் அவர் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் அச்சேறாத ஏடுகளில் இருந்த அணங்கு வேறு.

ஏடுகள் அச்சான பிறகு ஆய்வாளர்கள் இந்தச் சொல்லைத் திரும்பத் தோண்டினார்கள். அமெரிக்கத் தமிழறிஞர் ஜார்ஜ் எல். ஹார்ட் 1975இல் வெளியிட்ட நூலில், பழந்தமிழர் புனிதம் என்று கருதியதை வானத்தில் வைக்கவில்லை, பொருள்களிலும் இடங்களிலும் குறிப்பாகப் பெண்ணிடமும் வைத்தார்கள் என்றார். அந்த ஆற்றலே அணங்கு. கற்பினால் கட்டுப்பட்டால் காக்கும், கட்டு மீறினால் அழிக்கும் என்பது அவர் கொள்கை. கண்ணகியின் கதை அவருக்குத் துணை நின்றது. 1986இல் வி. எஸ். ராஜம் அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் மறுப்பு எழுதினார். சங்கப் பாட்டுகளில் அணங்கு வரும் இடங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, அது பெண்ணுக்கு மட்டும் உரிய புனித ஆற்றலன்று, அப்படிச் சுருக்கிவிட்டார்கள் என்று காட்டினார். இருவரும் சொல்வதைக் கால வரிசையில் வைத்தால் வழக்கு தீர்ந்துவிடுகிறது என்பது என் எண்ணம். சொல் பிறந்த இடத்துக்கு ராஜம் சாட்சி. அது போய்ச் சேர்ந்த இடத்துக்கு ஹார்ட் சாட்சி.

பழைய பொருள் ஆய்விதழ்களோடு நின்றுவிடவும் இல்லை. கவிஞர் மாலதி மைத்ரி தம் பெண்ணிய இதழுக்கு அணங்கு என்றே பெயர் வைத்தார். அழகி என்ற பொருளில் வைத்திருக்க மாட்டார். 2022 ஏப்ரலில் ஏ. ஆர். ரகுமான் தமிழணங்கு என்ற ஓவியத்தைச் சமூக ஊடகத்தில் பகிர்ந்தார். விரிந்த கூந்தலும் கறுத்த மேனியும் கையில் ழகர வடிவ வேலுமாக ஆவேசத்தோடு நின்றாள் அவள். வரைந்தவர் ஓவியர் சந்தோஷ் நாராயணன். தமிழ்த்தாயை இப்படியா காட்டுவது, சாந்தமும் சிரிப்பும் எங்கே என்று சிலர் சினந்தார்கள். வேறு சிலர் கொண்டாடினார்கள். அரசியலை விலக்கிவிட்டுச் சொல்லை மட்டும் கேட்டால், அது ஓவியரின் பக்கம்தான் பேசும். தாய் என்றால் சாந்தம் பொருந்தும். அணங்கு என்று பெயரிட்டபின் கூந்தலை வாரி முடிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்குப் பழந்தமிழில் ஆதாரம் குறைவு.

இன்று அச்சமூட்டும் விந்தைகளுக்கு இதழ்கள் அமானுஷ்யம் என்று எழுதுகின்றன. மனிதத்தன்மை இல்லாதது என்ற அளவோடு அந்தச் சொல் நின்றுவிடுகிறது. அச்சமும் ஈர்ப்பும் ஒரே கணத்தில் பற்றும் அந்த நிலைக்கு, அது மனிதர் மார்பிலிருந்து வந்தாலும் கடலிலிருந்து வந்தாலும் பொருந்துகிற ஒரே சொல்லாக அணங்குதான் நம்மிடம் இருந்தது. அதை அலங்காரமாக்கி அலமாரியில் வைத்தது நமக்கு இழப்புதான்.

பாடநூல்களுக்கு அருஞ்சொற்பொருள் எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அணங்கு வருகிற இடத்திலெல்லாம் ‘தெய்வப்பெண்’ என்று ஒரே பொருளை ஒட்டாதீர்கள். 1081ஆம் குறளுக்கு அது பொருந்தும். அகநானூற்று 22ஆம் பாட்டில் ஒட்டினால் தலைவியின் சிரிப்பே மாணவருக்கு எட்டாமல் போய்விடும். படிக்கிறவர்களும், ஒரு பழம்பாட்டில் இந்தச் சொல்லைக் கண்டால், யார் இந்த அணங்கு என்று தேடுவதற்கு முன், எது யாரை அணங்கியது என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பாட்டு அந்தக் கேள்வியிலேயே விளங்கிவிடும்.